இரவல் மந்திரக்கோல்: நெவில் லாங்பாட்டம் வளர்ந்த கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

பதினோரு வயதுப் பையன் ஒருவன் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான். தலையில் ஒரு பழைய தொப்பி. அது நெடுநேரம் யோசித்துவிட்டு, அவன் சேரவேண்டிய அணியின் பெயரை உரக்கச் சொல்கிறது. பையன் விழுந்தடித்து ஓடுகிறான், தொப்பியைக் கழற்றாமலேயே. அரங்கமே சிரிக்கிறது. பாதி வழியில் திரும்பி வந்து, தொப்பியை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டுப் போகிறான்.

இது 1997இல் வந்த முதல் ஹாரி பாட்டர் புத்தகத்தில் இரண்டு வரிக்குள் முடிந்துபோகும் ஒரு நகைச்சுவை. 2007இல் வந்த ஏழாவது புத்தகத்தில் அதே தொப்பி அதே தலையில் மறுபடியும் ஏறுகிறது. இந்த முறை அதை மாட்டுபவன் தொடரின் வில்லன் வோல்டெமோர்ட். தொப்பி எரிகிறது. பையன் அசைய முடியாமல் நிற்கிறான். பிறகு கட்டை உடைத்துக்கொண்டு, அந்தத் தொப்பிக்குள் இருந்து ஒரு வாளை உருவி, வோல்டெமோர்ட்டின் பாம்பின் தலையைச் சீவுகிறான்.

இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் நெவில் லாங்பாட்டத்துக்கு என்ன ஆனது என்பதுதான் இந்த ஆய்வு. அடுத்த பாகங்களின் கதையெல்லாம் இதில் வரும். படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம்.

ஏன் நெவில், ஏன் ஹாரி இல்லை

இளையோருக்கான மிகுபுனைவுத் தொடர்களில் பாத்திர வளர்ச்சி என்றதும் எல்லோரும் நாயகனைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அதில் ஒரு சிக்கல் தெரிகிறது. நாயகனின் வளர்ச்சியை அளக்க முடியாதபடி அவனைச் சுற்றி வேறு விஷயங்கள் மொய்த்துக் கிடக்கின்றன. ஹாரிக்கு நெற்றியில் தழும்பு இருக்கிறது, அவனைப் பற்றித் தீர்க்கதரிசனம் இருக்கிறது, கதை முழுக்க அவன் பக்கமே சாய்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு, பல பாகங்களின் கடைசியில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் அவனை உட்காரவைத்து, நடந்தது என்ன, அதில் அவன் எப்படி நடந்துகொண்டான் என்று விளக்கமும் கொடுத்துவிடுகிறார். அவன் வளர்ந்தான் என்று நாமாகக் கண்டுபிடித்தோமா, அவர் சொல்லி நம்பினோமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நெவிலுக்கு அப்படி விளக்கம் சொல்ல ஆள் இல்லை. தொடர் ஏறக்குறைய முழுவதும் ஹாரியின் கண் வழியாகவே நகர்கிறது. நெவிலின் மனதுக்குள் கதை ஒருமுறைகூட நுழைவதில்லை. அவன் செய்வது தெரியும், கையில் வைத்திருப்பது தெரியும், முகம் வெளுப்பது தெரியும். அவ்வளவுதான். ஆகவே அவன் வளர்ந்தான் என்று ஒரு வாசகர் சொன்னால், அதற்கான சாட்சியம் முழுவதும் வெளியே, பக்கங்களில் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கலாம்.

தொடரின் அமைப்பும் இதற்குத் தோதானது. ஒவ்வொரு பாகமும் மந்திரப் பள்ளியில் ஓர் ஆண்டு. அதே ரயில், அதே விருந்து, அதே வகுப்பறைகள். பையனுக்கு 11 வயதில் தொடங்கி 17இல் முடிகிறது. கடைசிப் பாகத்தில் மட்டும் நாயகர்கள் பள்ளியை விட்டு ஓடிவிடுகிறார்கள். நெவில் ஓடவில்லை. அங்கேயே இருக்கிறான். இது சாதாரணத் தகவல் போலத் தெரியும், ஆனால் பின்னால் பெரிய வேலை செய்யும்.

முதலில் சிரிப்பு

முதல் பாகத்தில் நெவில் வரும் இடங்களை மட்டும் வரிசையாகப் படித்தால், எழுத்தாளர் ஜே. கே. ரவுலிங் ஒரு கோமாளியைத்தான் உருவாக்கியிருக்கிறார் என்று தோன்றும். ரயில் நிலையத்தில், தேரையைத் தொலைத்துவிட்டேன் என்று பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அவனை முதலில் பார்க்கிறோம். மறதிக்காரன் என்பதால் பாட்டி ஒரு ஞாபக உருண்டையை அனுப்பிவைக்கிறார். எதையோ மறந்துவிட்டால் அது சிவக்கும். எதை மறந்தோம் என்பதை மட்டும் சொல்லாது. துடைப்பத்தில் பறக்கும் முதல் வகுப்பிலேயே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறான். அவனுக்கு மந்திர சக்தியே இல்லையோ என்று சிறுவயதில் குடும்பத்துக்குச் சந்தேகம். தாத்தா முறை உறவினர் ஒருவர் அதைச் சோதிக்க அவனைக் கடற்கரைப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார், மாடி ஜன்னலுக்கு வெளியே கணுக்காலைப் பிடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். கை தவறிக் கீழே விட்டபோது பையன் பந்து மாதிரித் துள்ளினான், குடும்பம் சந்தோஷப்பட்டது. இதையும் புத்தகம் வேடிக்கையாகத்தான் சொல்கிறது. வயதான பிறகு படித்தால் வயிற்றைப் பிசையும்.

சிரிப்பு அல்லாத இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, ஹாரியைப் பிடித்துக்கொடுக்க எதிரணி மாணவன் மால்ஃபாய் திட்டம் போடுகிறான் என்று தெரிந்ததும், எச்சரிப்பதற்காக நெவில் இரவில் தனியாக வெளியே வருகிறான். மாட்டிக்கொள்கிறான். ஹாரி, அவன் தோழி ஹெர்மயனி, நெவில் மூவராலும் அணிக் கோப்பைக்கான புள்ளிகளில் தலைக்கு 50 போகின்றன. தண்டனையாகத் தடைசெய்யப்பட்ட காட்டுக்குள் இரவில் அனுப்பப்படுகிறார்கள். பயத்தில் நெவில் ஆபத்துக்கான சிவப்புப் பொறிகளை வானில் விடுகிறான்.

இன்னொன்று பலருக்கும் நினைவிருக்கும். பாகத்தின் கடைசியில் ஹாரி, ரான், ஹெர்மயனி என்ற மூன்று நண்பர்களும் மறுபடி இரவில் கிளம்பும்போது நெவில் கதவை மறித்து நிற்கிறான். சண்டை போடவும் தயார் என்கிறான். ஹெர்மயனி அவன்மேல் உடற்கட்டு மந்திரத்தை ஏவ, மரக்கட்டை மாதிரி முகம் குப்புற விழுகிறான். அதற்குத்தான் கடைசியில் 10 புள்ளிகள் கிடைக்கின்றன. ரானுக்கு 50, ஹெர்மயனிக்கு 50, ஹாரிக்கு 60. ஆனால் இந்த மூன்றையும் கூட்டினாலும் அவர்களுடைய அணியான க்ரிஃபிண்டார் 472இல் எதிரணியோடு சமமாகத்தான் நிற்கும். கோப்பையை வாங்கித் தருவது நெவிலின் 10. எதிரிகளை எதிர்க்கும் அளவுக்கு நண்பர்களை எதிர்க்கவும் துணிவு வேண்டும் என்பது டம்பிள்டோரின் காரணம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கடைசிப் பாகத்து நெவிலிடம் நாம் மெச்சுகிற குணம், தனியாக எதிரே போய் நிற்பது, முதல் பாகத்திலேயே முழுசாக இருக்கிறது. அப்படியானால் மீதி ஆறு பாகங்களில் வளர்ந்தது என்ன?

அப்பாவின் கோல்

முதல் பாகத்தில் மந்திரக்கோல் கடைக்காரர் ஒல்லிவாண்டர் ஹாரியிடம் போகிறபோக்கில் ஒன்று சொல்கிறார். இன்னொருவருடைய கோலை வைத்துக்கொண்டு அதே அளவு நன்றாக மந்திரம் செய்ய முடியாது என்று. யாரும் கவனிக்க மாட்டோம். ஹாரிக்கு எந்தக் கோல் கிடைக்கும் என்ற ஆவலில் இருப்போம்.

ஐந்தாம் பாகம் 2003இல் வருகிறது. மந்திர அமைச்சகத்தில் நடக்கும் சண்டையில் எதிரி ஒருவன் உதைத்த உதையில் நெவிலின் மூக்கும் உடைகிறது, கோலும் இரண்டாகிறது. அப்போதுதான் தெரிகிறது, இத்தனை வருடமாக அவன் கையில் இருந்தது அவன் அப்பாவின் பழைய கோல். பாட்டி தன்னைக் கொன்றுவிடுவார் என்று புலம்புகிறான்.

இந்த ஒரு தகவல் பின்னோக்கி நாலரைப் பாகங்களுக்கும் பரவுகிறது. அவன் சொதப்பிய வகுப்புகள், வெடித்த கொப்பரைகள், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு எல்லாம் வேறாகிவிடுகின்றன. கோலில் வேறொருவரின் கைப்பழக்கம் இருந்தது. அதைவிட முக்கியமாக, அந்த ஆளின் இடத்தில் அவனைப் பொருத்திப் பார்க்கும் ஒரு வீடு இருந்தது. பாட்டி அவனிடம் எதிர்பார்த்தது மகனின் மறுபதிப்பை. கையில் கொடுத்ததும் மகனின் கோலை. பையன் தோற்றுக்கொண்டிருந்தது மந்திரத்தில் மட்டும் இல்லை.

ஆறாம் பாகத்தில் அவனுக்குச் சொந்தமாகக் கோல் வருகிறது. செர்ரி மரம், உள்ளே யூனிகார்ன் முடி. ஒல்லிவாண்டர் காணாமல் போவதற்கு முந்தைய நாள் வாங்கியது. அதே பாகத்தில் பேராசிரியர் மெக்கோனகல், பாட்டி தனக்கு இருக்கவேண்டிய பேரனைப் பற்றியே நினைத்துக்கொண்டிராமல் இருக்கிற பேரனை நினைத்துப் பெருமைப்படக் கற்றுக்கொள்ளட்டும் என்ற பொருளில் சொல்கிறார். சார்ம்ஸ் என்ற மந்திரப் பாடத்தை மட்டமாக நினைக்கும் பாட்டி அந்தப் பாடத்தில் தானே தோற்றவர் என்ற ரகசியத்தையும் போட்டு உடைக்கிறார். நெவிலுக்கு அந்தப் பாடத்தில் நல்ல தரம் வந்திருக்கிறது. தாவரப் பாடத்தில் அவன் எப்போதுமே கெட்டிக்காரன். தாவரத்துக்குக் கோல் அதிகம் தேவையில்லை என்பதை யாராவது கவனித்தீர்களா? இரவல் பொருள் குறுக்கே வராத ஒரு பாடத்தில் அவன் முதலிலிருந்தே தேர்ச்சியாகத்தான் இருந்தான்.

ஆக என் வாதம் இதுதான். நெவிலின் குணம் மாறவில்லை. அவன்மேல் மற்றவர்கள் வைத்திருந்த இரவல் அளவுகோல்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. அதை எழுத்தாளர் அவனைப் பற்றிச் சொல்லிக் காட்டவில்லை. அவனை முன்பு இருந்த அதே இடத்தில் திரும்பக் கொண்டுபோய் நிறுத்திக் காட்டுகிறார்.

திரும்பி வரும் இடங்கள்

ஸ்னேப்பில் தொடங்கலாம். மூன்றாம் பாகத்தில் லூபின் நடத்தும் வகுப்பில், ஒவ்வொருவருக்கும் எது மிகப் பெரிய பயமோ அதன் உருவம் எடுக்கும் ஜந்து வருகிறது. மற்றவர்களுக்கு மம்மி, சிலந்தி என்று வருகிறது. நெவிலுக்கு வருவது ஓர் ஆசிரியர், ஸ்னேப். பாட்டியின் பச்சை உடுப்பையும், பாடம் பண்ணிய கழுகு வைத்த தொப்பியையும் ஸ்னேப்புக்கு மாட்டிவிட்டு அவன் பயத்தைக் கலைக்கிறான். வேடிக்கையான காட்சி. ஆனால் இன்னொன்றையும் பாருங்கள், அவனை மிரட்டுபவர்கள் இரண்டு பேரும் ஒரே உருவத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த வகுப்பில் அவன் இரண்டு முறை ஜந்துவை எதிர்கொள்கிறான், அதனால் இரட்டிப்பாக 10 புள்ளிகள்.

ஏழாம் பாகத்தில் அந்த ஸ்னேப் தலைமையாசிரியர். நெவில், தோழிகள் ஜின்னி, லூனா மூவரும் அவருடைய அறைக்குள் புகுந்து அணியை நிறுவிய க்ரிஃபிண்டாரின் வாளைத் திருடப் பார்க்கிறார்கள். பிடிபடுகிறார்கள். தண்டனை? பள்ளியின் காவலாளி ஹேக்ரிடோடு தடைசெய்யப்பட்ட காட்டுக்குப் போகவேண்டும். முதல் பாகத்தில் பொறி பறக்கவிட்டு அலறவைத்த அதே தண்டனை. இந்தத் தடவை செய்தியைக் கேட்டதும் ஹாரிக்கு நிம்மதியே வருகிறது, இதெல்லாம் அவர்களுக்கு ஒரு விஷயமா என்று. காட்டில் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. தேவையும் இல்லை.

சித்திரவதை மந்திரம் இன்னும் கனமானது. நான்காம் பாகத்தில் மூடி என்ற ஆசிரியர் அதை வகுப்பில் ஒரு சிலந்திமேல் செய்துகாட்டுகிறார். நெவில் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போகிறான். ஏன் என்பது பிறகு தெரிகிறது. அவன் அம்மாவும் அப்பாவும் இதே மந்திரத்தால் மனம் சிதைந்து மருத்துவமனையில் கிடக்கிறார்கள், பெற்ற மகனை அடையாளம் தெரியாமல். அந்த வகுப்புக்குப் பிறகு மூடி அவனைத் தேற்றி ஒரு தாவரப் புத்தகத்தைக் கொடுக்கிறார். வருடக் கடைசியில்தான் அந்த ஆள் மூடியே இல்லை என்பது வெளிவருகிறது. மூடியின் வேஷத்தில் இருந்தவன், அந்தச் சித்திரவதைக்காகத் தண்டிக்கப்பட்ட கும்பலைச் சேர்ந்தவன். ஹாரி இதை எண்ணிப் பார்ப்பதாகக்கூட ஒரு காட்சி இல்லை. வாசகர் தனியாகத்தான் இதில் தடுக்கி விழ வேண்டும்.

ஐந்தாம் பாகத்தில் பெல்லாட்ரிக்ஸ், அவன் பெற்றோரைச் சிதைத்தவள், அதே மந்திரத்தை அவன்மேல் ஏவுகிறாள். தீர்க்கதரிசன உருண்டையைக் கொடுத்துவிடாதே என்று ஹாரியிடம் கத்துகிறான். ஏழாம் பாகத்தில் பள்ளியிலேயே அந்த மந்திரம் பாடமாகிவிடுகிறது, தண்டனை பெற்ற மாணவர்கள்மேல் பழகச் சொல்கிறார்கள். மாட்டேன் என்கிறான். முகத்தில் வெட்டுக்காயங்களோடு இதை ஏதோ வானிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறான். மேசையைப் பிடித்துக்கொண்டு வெளிறிய பையன், அந்த வலியைத் தானே பட்டு, கடைசியில் செய்ய மறுக்கிறான். இந்த மூன்று படிகளையும் சேர்த்துக் காட்ட எழுத்தாளர் எங்கும் மெனக்கெடவில்லை. அவை 2000, 2003, 2007 என்று ஏழு வருட இடைவெளியில் சிதறிக் கிடக்கின்றன.

சின்ன விஷயங்களும் உண்டு. மூன்றாம் பாகத்தில் கடவுச்சொற்களை நினைவு வைக்க முடியாமல் தாளில் எழுதிவைத்து, அந்தத் தாளைத் தொலைத்து, பெரிய விபரீதத்துக்கு வழிவிடுகிறான். ஐந்தாம் பாகத்தில் அணியின் புதிய கடவுச்சொல் மிம்புலஸ் மிம்பிள்டோனியா. மற்றவர்களுக்கு வாயில் நுழையாத பெயர். நெவிலுக்கு அது தான் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த செடி. முதல்முறையாக ஒரு கடவுச்சொல் அவனுக்கு மறக்காது.

அப்புறம் அந்த உடற்கட்டு. முதல் பாகத்தில் தோழி போட்ட கட்டில் விறைத்து விழுந்தவன், கடைசிப் பாகத்தில் வோல்டெமோர்ட் போட்ட கட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறான். ஹாரி உயிரைக் கொடுக்கத் துணிந்ததால் அந்த மந்திரங்கள் மற்றவர்களைக் கட்டவில்லை என்று கதைக்குள் ஒரு காரணம் உண்டு. சரி, இருக்கட்டும். ஆனால் அந்த இடத்துக்கு வேறு எந்தச் சாபத்தையும் வைத்திருக்கலாம்.

சட்டைப்பை

எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த நெவில் காட்சி வாள் காட்சி இல்லை. ஐந்தாம் பாகத்தில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஹாரியும் நண்பர்களும் மருத்துவமனையில் வேறு வேலையாகப் போய்த் தற்செயலாக நெவிலைப் பார்த்துவிடுகிறார்கள். கூடவே பாட்டி. திரைக்குப் பின்னால் பெற்றோர். நண்பர்களிடம் இதைச் சொல்லவில்லையா, பெற்றோரை நினைத்து வெட்கப்படுகிறாயா என்று பாட்டி அவர்கள் முன்னாலேயே கேட்கிறார். அம்மா தளர்ந்த நடையில் வந்து மகன் கையில் எதையோ வைக்கிறாள். காலியான பபிள்கம் தாள். பாட்டி அலுப்போடு அதைக் குப்பையில் போடச் சொல்கிறார். இதுவரை கொடுத்த தாள்களை வைத்து அவன் அறைச் சுவர் முழுக்க ஒட்டலாம் என்கிறார். வெளியே போகும்போது நெவில் அந்தத் தாளைப் பைக்குள் போட்டுக்கொள்வதை ஹாரி பார்க்கிறான்.

காட்சி அவ்வளவுதான். அழுகை இல்லை, வசனம் இல்லை. பாட்டி சொன்னதை அவன் மீறுகிறான். எதிர்த்துப் பேசாமல், சட்டைப்பை அளவில் மீறுகிறான். அமைச்சகச் சண்டையைவிட இதுதான் பெரிய திருப்பம் என்று நினைக்கிறேன்.

ஏழாம் பாகத்தில் பாட்டியைப் பிடித்து அவனை அடக்கப் பார்க்கிறார்கள். போன ஆளை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுக் கிழவி தப்பிவிடுகிறார். பேரனுக்குக் கடிதம் எழுதுகிறார், உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது, நீ உன் பெற்றோரின் பிள்ளை என்று. இதை ஹாரியிடம் சொல்லும்போது நெவில் அங்கியின் மார்புப் பையைத் தட்டிக்காட்டுகிறான். கடிதம் அங்கே இருக்கிறது. பபிள்கம் தாள் போன அதே பையா என்று கேட்காதீர்கள். எழுத்தாளர் சொல்லவில்லை.

குறைகள்

இந்த வழக்கில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் பாகத்தில் நெவில் கிட்டத்தட்ட இல்லை. குட்டிப் பிசாசுகள் காதைப் பிடித்து விளக்கில் தொங்கவிட்டதுதான் மிச்சம். ஆறாம் பாகத்திலும் கோலும் மெக்கோனகல் பேச்சும் போக அதிகமில்லை. கடைசியில் பள்ளிக்குள் சண்டை வரும்போது, பழைய பயிற்சிக் குழுவின் நாணயம் சூடாகி அழைப்பு வந்ததும் ஓடிவந்தவர்கள் லூனாவும் அவனும்தான் என்ற தகவல் நன்றாக இருக்கிறது, ஆனால் அது தகவலாகவே கடந்துபோகிறது.

பெரிய குறை ஏழாம் பாகத்தில். ஒரு வருடம் முழுக்க அவன் பள்ளிக்குள் எதிர்ப்பை நடத்தியிருக்கிறான். அந்த வருடத்தை நாம் பார்ப்பதே இல்லை. சுரங்கப்பாதையில் நடந்துகொண்டே அவன் சொல்லக் கேட்கிறோம். ஹாரியின் கண்ணைவிட்டு நகரமாட்டேன் என்ற விதிக்கு எழுத்தாளர் கொடுத்த விலை இது. நெவிலை நம்பவைத்ததும் அதே விதிதான் என்பதால் ரொம்பவும் கோபப்பட முடியவில்லை. ஆனாலும் அந்தப் பள்ளி வருடம் ஒரு தனிப் புத்தகத்துக்குத் தாங்கும். கூடாரத்தில் மூன்று பேர் மாதக்கணக்கில் சண்டை போடுவதைப் படித்தபோது, பள்ளியில் என்ன நடக்கிறதோ என்று ஏங்கியது நான் மட்டுமாக இருக்காது.

பெல்லாட்ரிக்ஸைக் கொல்வது நெவில் இல்லை, ரானின் அம்மா. பலருக்கு இது ஏமாற்றம். எனக்கு இதில் எழுத்தாளர் பக்கம் நியாயம் தெரிகிறது. பழிவாங்கல் கிடைத்திருந்தால் அவன் கதை அவன் பெற்றோரின் கதையாகிப் போயிருக்கும், இரவல் கோலை உடைத்ததெல்லாம் வீண். அதேபோலத்தான் தீர்க்கதரிசனமும். ஜூலைக் கடைசியில் பிறக்கும் குழந்தை என்ற அடையாளம் ஹாரிக்கும் பொருந்தும், ஒரு நாள் முன்னால் பிறந்த நெவிலுக்கும் பொருந்தும். வோல்டெமோர்ட் ஹாரியைத் தேர்ந்தெடுத்ததால் கதை அந்தப் பக்கம் போனது. வேறு தொடராக இருந்தால் கடைசிப் பாகத்தில் இதை வைத்து ஒரு பெரிய திருப்பம் அடித்திருப்பார்கள். இங்கே பாம்பைக் கொல்லும் வேலை அவனுக்கு விதிப்படி வரவில்லை. ரானும் ஹெர்மயனியும் வேறு வேலையாக இருந்தால் நீ பார்த்துக்கொள் என்று ஹாரி சொல்லிவிட்டுப் போனதால் வருகிறது.

பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு பேர்

நார்னியா வரிசையில் 1952இல் வந்த கப்பல் பயணக் கதையில் யூஸ்டஸ் என்ற சிடுமூஞ்சிப் பையன் வருகிறான். பேராசையோடு டிராகனின் புதையல்மேல் படுத்துத் தூங்கி, விழிக்கும்போது தானே டிராகனாகிக் கிடக்கிறான். பிறகு சிங்கம் அந்தத் தோலை உரித்து எடுக்கிறது. வலிக்கிறது, ஆள் மாறிவிடுகிறான். ஒரே அடி, ஒரே மாற்றம். சி. எஸ். லூயிஸ் புத்திசாலி, அன்று முதல் முழுக்கத் திருந்திவிட்டான் என்று சொல்லாமல், பழைய குணம் இடையிடையே எட்டிப்பார்த்தது, ஆனால் குணமாகத் தொடங்கிவிட்டான் என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார். அந்த ஒரு வரிதான் யூஸ்டஸை எனக்கு நம்பவைக்கிறது. இருந்தாலும் மாற்றத்தைச் செய்தது வெளியிலிருந்து வந்த நகம். நெவிலுக்கு அப்படி உரித்துவிட எந்தச் சிங்கமும் வரவில்லை.

பிலிப் புல்மேனின் மூன்று பாகத் தொடரில் லைரா நேர் எதிர்த்திசையில் போகிறாள். 1995இல் வந்த முதல் பாகத்தில் அவள் கூசாமல் பொய் சொல்வாள், அந்தத் திறமைதான் அவளைக் காப்பாற்றும். 2000இல் வந்த மூன்றாம் பாகத்தில், இறந்தவர்களின் உலகத்து வாசலில் அதே பொய் எடுபடாமல் போகிறது, காவல் நிற்கும் கோரப் பறவைகள் அவள்மேல் பாய்கின்றன. உண்மைக் கதை சொன்னபோதுதான் வழி கிடைக்கிறது. கடைசியில், உண்மை சொல்லும் கருவியை இயல்பாகவே வாசிக்கும் வரமும் அவளை விட்டுப் போய்விடுகிறது. இனி வருடக்கணக்கில் படித்துத்தான் அதைத் திரும்பப் பெற வேண்டும். வளர்வது என்றால் ஒன்றை இழப்பது என்று ஒரு தொடர் துணிந்து சொல்வது அபூர்வம். நெவில் இழப்பது ஒன்றே ஒன்று, அவனுடையதாக ஒருபோதும் இல்லாத ஒரு கோல்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கதி

தொடர் எழுதும் நண்பர்கள் பாத்திரத்துக்கு வளர்ச்சி போதவில்லை என்று சொல்லும்போது, பெரும்பாலும் அடுத்த பாகத்தில் புதிய சோதனை ஒன்றைச் சேர்க்கப் பார்க்கிறார்கள். இன்னும் பெரிய எதிரி, இன்னும் பெரிய இழப்பு. நெவிலின் ஏட்டைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. அவனுக்கான சரக்கு முக்கால்வாசி முதல் பாகத்துச் சிரிப்புகளில் இருந்தே எடுக்கப்பட்டது. தொப்பி, காடு, கட்டு, பாட்டி, ஸ்னேப். புதிதாக வந்தது பெற்றோரின் கதை மட்டும்தான், அதுவும் பழைய சிரிப்புகளுக்கு அடியில் ஏற்கெனவே இருந்ததாகவே வருகிறது. இவை எல்லாவற்றையும் ரவுலிங் முதலிலேயே திட்டமிட்டாரா, போகப்போகக் கண்டெடுத்தாரா என்பது வாசிக்கும்போது முக்கியமில்லை. எழுதும்போது, தன் முதல் பாகத்தைத் தானே ஒரு முறை துப்பறியும் கண்ணோடு திரும்பப் படித்தால் போதும்.

எல்லாச் சிரிப்பும் திரும்பி வர வேண்டும் என்றும் இல்லை. அந்த ஞாபக உருண்டை கடைசிப் பாகத்தில் பெரிய அர்த்தத்தோடு வந்து நிற்கும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எதை மறந்தான் என்பது தெரியாமலேயே போனது. அம்மா அப்பாவுக்கு மகனை நினைவில்லை, மகனுக்கு எதுவுமே நினைவில் நிற்பதில்லை. இந்த இரண்டையும் எழுத்தாளர் கோத்துக் காட்டவில்லை. கோத்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

19 வருடங்களுக்குப் பிறகு

பின்னுரையில் நாம் மறுபடி அதே ரயில் நிலைய நடைமேடைக்கு வருகிறோம், நெவில் தேரையைத் தொலைத்த இடம். நெவில் அங்கே இல்லை. அவன் பள்ளியில் இருக்கிறான், தாவரப் பாடத்துக்குப் பேராசிரியராக. நெவிலுக்கு எங்கள் அன்பைச் சொல் என்று ஹாரியின் மனைவி ஜின்னி மூத்த மகனிடம் சொல்ல, பேராசிரியரிடம் போய் எப்படி அன்பைச் சொல்வது என்று பையன் நெளிகிறான்.

அந்த மேடையில் முதல்முறையாக ரயிலேறக் காத்திருப்பவன் இளையவன். அவன் பெயர் ஆல்பஸ் செவரஸ். இரண்டாவது பெயர் ஸ்னேப்புடையது. ஹாரி அந்த மனிதரை மன்னித்து, மதித்து, மகனுக்குப் பெயராகவும் வைத்துவிட்டான். நெவிலை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. முதல் வருடத்தில் தாவரப் பாடம் கட்டாயம். அடுத்த வாரத்தில் ஒரு நாள், கண்ணாடிக் கூடத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்து, பேராசிரியர் லாங்பாட்டம் அந்தப் பெயரை வாசிப்பார்.